கிலோமீட்டர் 40.9

லிண்டென்பாக்
5 ஆகஸ்ட் 2019

மதிப்பிற்குரிய வால்புர்கா,

உங்கள் வூர்ட்ஸ்பர்க் முகவரியை உங்கள் அக்காள் மகளிடம் கேட்டு வாங்கினேன். கொடுக்கலாமா என்று அவள் கொஞ்சம் யோசித்தாள். நான்தான் இரண்டாம் முறையும் கேட்டேன். அவளைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அறுபது வருடங்களாக நாம் ஒருவரையொருவர் நீ என்றுதான் அழைத்தோம். போன அக்டோபரில், உங்கள் அண்ணன் லோரென்ஸை அடக்கம் செய்த அன்று, கல்லறைத் தோட்டத்து வாசலில் என்னைத் தடுத்து, "திரு. தீட்ஸ், நீங்க உள்ள வர வேண்டாம். அப்புறம் அடக்கம் முடிஞ்சு எல்லாருக்கும் குடுக்கற காப்பிக்கும் வர வேண்டாம்" என்றீர்கள். அதனால் நானும் நீங்கள் என்றே எழுதுகிறேன். இதுதான் முறையா என்று எனக்கு நிச்சயமில்லை.

இரண்டு விஷயங்களுக்காக எழுதுகிறேன்.

முதலாவது, சங்கத்து விஷயம். செப்டம்பர் கடைசி ஞாயிறு, வழக்கம்போல எங்கள் நடைச் சங்கத்தின் சைக்கிள் நாள் வருகிறது. அதே பாதைதான்: இரண்டு கோட்டைகள், இரண்டு மடங்கள், நடுவில் மலை, மொத்தம் 62 கிலோமீட்டர். வழித்தாள் எழுதுவதும், ஓட்டுபவர்கள் ஒவ்வொரு இடத்திலும் தங்கள் அட்டையில் ஒற்றிக்கொள்ளும் முத்திரைப் பெட்டிகளைப் பராமரிப்பதும் இன்னும் என் பொறுப்பில்தான் இருக்கின்றன. தலைவர் பாப் போன வாரம் வீட்டுக்கு வந்தார். "லோரென்ஸ் பேரயே வெச்சிடலாம் எகோன். முப்பது வருஷம் ஊருக்குத் தபால் குடுத்தவன். நீ தாள்ல மேல ஒரு வரி சேர்த்தா போதும். செப்டம்பர் பதினஞ்சுக்குள்ள அச்சுக்குக் குடுத்துடு" என்றார். உங்கள் சம்மதம் இல்லாமல் அந்த வரியை எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாவது, என் விஷயம். நவம்பர் முதல் தேதி சகல புனிதர் திருநாள். அன்று ஊரில் எல்லோரும் விளக்கோடு தங்கள் கல்லறைகளுக்குப் போவார்கள். பத்து மாதங்களாக நான் அந்த வாசலைத் தாண்டவில்லை. ரொட்டிக் கடைக்குப் போகும்போதுகூட எதிர்ப்பக்கமாகத்தான் நடக்கிறேன். நீங்கள் அன்று சொன்னது அந்த ஒரு நாளுக்கா, எப்போதைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்காமல் போக எனக்குத் துணிவில்லை. லோரென்ஸின் கல்லறை முன் அன்று ஐந்து நிமிடம் நிற்க அனுமதிப்பீர்களா?

பணிவுடன்,
எகோன் தீட்ஸ்


வூர்ட்ஸ்பர்க்
9 ஆகஸ்ட் 2019

திரு. தீட்ஸ்,

பெயர் வைக்க வேண்டாம். தன் பெயரை அச்சில் பார்த்தால் லோரென்ஸ் சிரித்திருப்பான்.

இரண்டாவது கேள்விக்கு இப்போது பதில் இல்லை.

வால்புர்கா


லிண்டென்பாக்
15 ஆகஸ்ட் 2019

மதிப்பிற்குரிய வால்புர்கா,

பெயர் வைக்கவில்லை. பாப்பிடம் சொல்லிவிட்டேன். "பொம்பளைங்க மனசு" என்று ஏதோ தொடங்கினார். நான் கதவைச் சாத்தினேன். பிறகு, மெதுவாகச் சாத்தியிருக்கலாம் என்று தோன்றியது.

இன்று மாதா திருநாள், விடுமுறை. கோயில் மணி அடித்து ஓய்ந்திருக்கிறது. முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டிய ஒன்றை இன்று எழுதுகிறேன். இதைப் படித்த பிறகு நீங்கள் எனக்கு எழுதாமல் போகலாம். அதற்கு நான் தயார் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது.

சைக்கிள் நாள் முன்பெல்லாம் கோயில் வாசலிலிருந்து கிளம்பியது உங்களுக்கு நினைவிருக்கும். போன வருடம் கடைவீதியில் கல் பதித்தபோது புறப்படும் இடத்தை ரயிலடிச் சதுக்கத்துக்கு மாற்றினோம். அதனால் பாதையின் தொடக்கத்தில் 0.4 கிலோமீட்டர் குறைந்தது. தாளில் இருந்த தூரங்களிலெல்லாம் நான் 0.4 கழிக்க வேண்டியிருந்தது. முதல் பக்கத்தை ஒரு மாலையில் முடித்தேன். இரண்டாம் பக்கத்தை மறுநாள் எடுத்தேன். அதன் மேல் வரியை முந்தின நாளே கழித்து வைத்திருந்ததை மறந்து, மறுபடியும் கழித்தேன்.

அந்த ஒரு வரிதான். மரியாரூ மடத்துக்கு ஏறும் வழியில், வலது புறம் திரும்ப வேண்டிய இடம். அது 41.3. நான் அச்சிட்டது 40.9.

40.9-இலும் வலது புறம் ஒரு பாதை பிரிகிறது. பழைய கல்குவாரிக்கு இறங்குகிற பாதை. சரளை, செங்குத்து, கீழே கம்பித் தடுப்புகூட இல்லை. லோரென்ஸைக் கண்டெடுத்தது அந்தப் பாதையின் அடியில். காவல் நிலையத்தில் "வழி தவறியிருக்கிறார்" என்று எழுதினார்கள். ஏன் தவறினார் என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அடக்கம் முடிந்த வாரத்தில் என் வண்டியின் தூரமானியோடு போய் அளந்தேன். மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் அதே எண்.

முப்பத்தாறு வருடம் பள்ளியில் லத்தீனும் பூகோளமும் சொல்லிக்கொடுத்தவன் ஒரு கழித்தல் கணக்கில் தவறினேன். நான் அழவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அழுகை வரும் என்று பல நாள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. ரொட்டியில் உப்பு தெரிவதில்லை, அவ்வளவுதான்.

எகோன் தீட்ஸ்


வூர்ட்ஸ்பர்க்
21 ஆகஸ்ட் 2019

திரு. தீட்ஸ்,

40.9 எனக்குத் தெரியும். போன வருடமே தெரியும்.

உங்கள் தாளை லோரென்ஸ் ஒரு நாளும் படித்ததில்லை. அதில் ரொட்டியும் பன்றி இறைச்சியும் சுற்றிக்கொண்டு போவான். அந்தப் பாதையில் நாற்பது தடவை போனவனுக்குத் தாள் எதற்கு? சமையலறையில் நின்று உங்கள் குரலில் வாசிப்பதுபோல நடித்துக் காட்டுவான்: "கிலோமீட்டர் பன்னிரண்டு புள்ளி ஏழு, இடப்பக்கம் ஓர் ஆப்பிள் மரம், கவனம்." நாங்கள் இரண்டு பேரும் சிரிப்போம். இது உங்களைப் புண்படுத்தும் என்றால் படட்டும்.

அவனுடைய சட்டைகளைக் கோயிலின் துணிச் சேகரிப்புக்குக் கொடுக்க எடுத்து வைத்தேன். சைக்கிள் மேற்சட்டையின் உள்பையில் அவனுடைய முத்திரை அட்டை இருந்தது. இத்துடன் வைத்திருக்கிறேன். திருப்பி அனுப்ப வேண்டும்.

ஐந்து வட்டம் இருக்கிறது. நான்கில் முத்திரை விழுந்திருக்கிறது. எர்லென்ஸ்டைன் கோட்டை, கில்லியன் மடம், ரோட்டென்ஹாஃப் நீர்க்கோட்டை, மரியாரூ மடம். ஐந்தாவது லிண்டென்பாக், அது காலி.

நான்காவதைப் பாருங்கள். நீங்கள் எண்களில் கெட்டிக்காரர். யோசித்து எழுதுங்கள்.

வால்புர்கா


லிண்டென்பாக்
26 ஆகஸ்ட் 2019

மதிப்பிற்குரிய வால்புர்கா,

அட்டை வந்து சேர்ந்தது. மேசை விரிப்பின் மேல் ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதன் மேல் வைத்திருக்கிறேன்.

நான்காவது முத்திரை மரியாரூவுடையதுதான். சிலுவைக்கு இடது கீழே மை சற்றுத் திட்டாக விழும். அந்த ரப்பரில் ஒரு வெட்டு இருக்கிறது, மாற்ற வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். அந்தத் திட்டு இந்த அட்டையிலும் இருக்கிறது. பெட்டி மடமே நடத்தும் பீர்க்கூடத்தின் வாசலில் சங்கிலியால் கட்டியிருக்கிறது. ஆகவே லோரென்ஸ் மேலே போய்ச் சேர்ந்திருக்கிறார். 44-ஆம் கிலோமீட்டர் வரை போயிருக்கிறார். அங்கிருந்து பாதை மலையின் மறுபக்கமாக ஊருக்கு இறங்குகிறது. குவாரிப் பாதை அதற்கு மூன்று கிலோமீட்டர் முன்னால். ஆகவே அவர் வழி தவறவில்லை. போய்ச் சேர்ந்து, திரும்பி வந்திருக்கிறார்.

ஏன் திரும்பினார் என்று கேட்கிறீர்கள். யோசித்தேன். வழியில் தொப்பி விழுந்திருக்கலாம். அந்தப் பச்சைத் தொப்பியை அவர் எங்கும் விட்டுவர மாட்டார். அல்லது பின் பிரேக்கில் ஏதோ கோளாறு என்று காலையிலேயே சொன்னார், மலையடிவாரத்து ஓபர்வைலரில் அதைச் சரிபார்க்க இறங்கியிருக்கலாம். ஓபர்வைலரில் ஒரு பட்டறை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்காது என்பது அவருக்கு நினைவில்லாமல் போயிருக்கலாம். அல்லது இரண்டும் இல்லாமல் மலையின் இந்தப் பக்கத்தை இன்னொரு முறை பார்க்க ஆசைப்பட்டிருக்கலாம். வானம் அன்று தெளிவாக இருந்தது.

இவற்றில் எதுவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எகோன் தீட்ஸ்


(அஞ்சலட்டை)
வூர்ட்ஸ்பர்க்
29 ஆகஸ்ட் 2019

பிற்பகல் 2.12.

வால்புர்கா


லிண்டென்பாக்
4 செப்டம்பர் 2019

வால்புர்கா,

அஞ்சலட்டையைத் தபால்காரி கையில் கொடுத்துவிட்டுப் போனாள். படித்திருப்பாள் என்று நினைக்கிறேன். அவளுக்கு அது வெறும் ஒரு நேரம்.

நீங்கள் இருபத்தைந்து வருடம் ரயிலடியில் சீட்டுக் கொடுத்தவர் என்பதை நான் மறந்திருக்கக் கூடாது. நம் ஊர்ப் பாதையில் ஓடும் ரயிலுக்குக் கண்டக்டர் இன்னும் ஹெர்பர்ட்தான். அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். எப்போது சொன்னார் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடக்கத்துக்கு முன்பாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் வாசலில் நின்றபோதே உங்களுக்குத் தெரியும். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி நான் கழித்தல் கணக்கை எழுதியபோதும் தெரியும். தொப்பியைப் பற்றி எழுதியபோதும்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வேறு விதமாக எனக்கு எழுத வராது.

ரோட்டென்ஹாஃபில் நீர்க்கோட்டையின் பாலத்தில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டோம். ஆமாம், அவருடையது என் தாளில்தான் சுற்றியிருந்தது. அப்போதே எனக்கு மூச்சு வாங்கியது. லோரென்ஸ் கவனித்தார். "என்ன வாத்தியாரே, பழைய கொதிகலன் மாதிரி சத்தம் வருது?" என்றார். எதிர்க்காற்று என்றேன். "காத்து பின்னாலேர்ந்துதான் அடிக்குது" என்றார். சிரித்தேன். மின்சார சைக்கிள் வாங்கலாமா என்று அந்த வருட வசந்தத்தில் நான் கேட்டதை அவர் மறக்கவேயில்லை. "அது சைக்கிள் இல்ல, படுத்துக்கிட்ட தையல் மிஷின்" என்று அன்றும் ஒரு முறை சொன்னார்.

38.6-இல் ஓபர்வைலர் ரயில் நிறுத்தம். அங்கிருந்துதான் ஏற்றம் தொடங்குகிறது. முதல் வளைவிலேயே நான் இறங்கிவிட்டேன். அவர் இறங்கவில்லை. திரும்பிப் பார்த்து, "நான் மேல போய் ரெண்டு பீர் சொல்லி வைக்கிறேன். நுரை அடங்குறதுக்குள்ள வந்துடு" என்றார். அதுதான் நான் கடைசியாகக் கேட்டது. வருகிறேன் என்று கையைக் காட்டினேன்.

வளைவு மறைத்ததும் வண்டியை உருட்டிக்கொண்டு கீழே வந்து நிறுத்தத்தின் பெஞ்சில் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் ஆறிவிட்டு ஏறலாம் என்றுதான் எண்ணம். 2.12 ரயில் வந்து நின்றது. ஹெர்பர்ட் கதவைத் திறந்து, "ஏறுறீங்களா சார், இல்ல வேடிக்கை பாக்குறீங்களா?" என்றார். நான் ஏறினேன். யாரோ சொல்லி ஏறியதுபோல ஏறினேன்.

என் கையில் வழித்தாள் இருந்தது. அதன் அடியில், நானே தட்டச்சு செய்தது, அவசரத்துக்கு மரியாரூ பீர்க்கூடத்தின் தொலைபேசி எண் இருக்கிறது. என்னிடம் கைபேசி இருந்தது. லோரென்ஸிடம் இல்லை. அந்த எண்ணைக் கூப்பிட்டால் கல்லாவில் நிற்கும் பெண் கூடம் முழுக்கக் கேட்கும்படி, "லோரென்ஸ், உங்க வாத்தியார் ரயில்ல வீட்டுக்குப் போறாராம்" என்று கத்துவாள். முப்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எண்களை அழுத்தினேன். கடைசி எண்ணுக்கு முன் நிறுத்தினேன். நான் வராததைப் பார்த்து அவரே புரிந்துகொள்வார், மாலையில் கேலி செய்வார், அதோடு போகும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து தேநீர் போட்டேன். சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விட்டேன். ஆறு மணிக்கு நீங்கள் போன் செய்தீர்கள். "லோரென்ஸ் உன்கூடவா இருக்கான்?" என்று கேட்டீர்கள். "இல்ல, அவன் முன்னாடி போயிட்டான்" என்றேன். அது பொய் இல்லை. பொய்யாக இல்லாமல் இருக்க எப்படிச் சொல்ல வேண்டும் என்று அந்த ஒரு நொடியில் எனக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கழித்தல் பிழையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அதை அளக்க முடிந்தது. இதை அளக்க எதுவும் இல்லை. அவர் எனக்காகத் திரும்பி வந்திருப்பார் என்று எனக்குத் தெரியாது என்று எழுதத்தான் இந்த வரியைத் தொடங்கினேன். தெரிந்துகொள்ளவில்லை என்பதுதான் சரி.

நவம்பர் முதல் தேதி பற்றிக் கேட்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

எகோன்


வூர்ட்ஸ்பர்க்
11 செப்டம்பர் 2019

எகோன்,

ஒரு வருடம் எடுத்துக்கொண்டீர்கள். ஹெர்பர்ட் அடக்கத்துக்கு முந்தின நாள் வந்து சொன்னார். பாவம், அவருக்கு எதுவும் தெரியாது. "நல்லவேளை வாத்தியார் என் வண்டில வந்துட்டார், இல்லேன்னா ரெண்டு பேராயிருக்கும்" என்றார். நான் அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினேன்.

நீங்கள் வந்து சொல்வீர்கள் என்று நினைத்தேன். முதல் வாரம் நினைத்தேன். பிறகு கிறிஸ்துமஸுக்குச் சொல்வீர்கள் என்று நினைத்தேன். ஜனவரியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். இங்கே டிராம் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அது நல்லதுதான்.

இனி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது. நவம்பரில் மரியாரூவுக்குப் போனேன். பீர்க்கூடத்துக் கல்லாவில் இருப்பவள் ரோஸ்விதா. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கூட்டியும் இல்லை, குறைத்தும் இல்லை.

லோரென்ஸ் வந்து இரண்டு பீர் சொல்லி இரண்டையும் எதிரெதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஒன்றைக் குடித்து முடித்தான். மற்றதில் நுரை அடங்கிவிட்டது. "எங்க உங்க வாத்தியார்?" என்று ரோஸ்விதா கேட்டிருக்கிறாள். "கீழ ஒவ்வொரு மரத்தையும் எண்ணிக்கிட்டு வர்றான்" என்றிருக்கிறான். அப்போது நியூரம்பெர்க்கிலிருந்து வந்த ஒரு தம்பதி உள்ளே வந்தார்கள். அந்த மனைவிக்குச் சரியான கோபம். "யார் இந்தத் தாளை எழுதினது? நாற்பது புள்ளி ஒன்பதுல திரும்பச் சொல்லுது. நேரா குவாரிக்குள்ள கொண்டு விடுது. இவர் பிரேக் புடிக்கலன்னா இந்நேரம் உள்ள கிடப்போம்" என்று கத்தினாள்.

லோரென்ஸ் தாளை அவளிடமிருந்து வாங்கிப் பார்த்தானாம். வாழ்க்கையில் முதல் தடவையாகப் படித்திருப்பான். படித்துவிட்டு எழுந்து நின்றான். "ஐயையோ, அவன் அங்கதான் இறங்கியிருப்பான்" என்றான். "நீங்க நாப்பது தடவை வந்திருக்கீங்க, அவருக்கு வழி தெரியாதா?" என்றாள் ரோஸ்விதா. அதற்கு அவன், "வழி தெரியும். ஆனா தாள்ல எழுதியிருந்தா கண்ணை நம்ப மாட்டான், தாளைத்தான் நம்புவான். எனக்குத் தெரியாதா அவனை" என்றான். அந்தப் பீரை ஒரு தட்டால் மூடி வைக்கச் சொல்லிவிட்டுப் போனான்.

ஐந்து மணி வரை மூடி வைத்திருந்தாள் ரோஸ்விதா.

இதில் யாரைக் கோபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தாள் தவறு. அதனால் தீங்கில்லாமல் போயிருக்கும், நீங்கள் மேலே போயிருந்தால். நீங்கள் போகவில்லை. அதையும் மன்னிக்கலாம், எழுபத்தேழு வயது. ஒரு போன். கடைசி எண். அங்கேதான் நான் நிற்கிறேன். தினமும் எழுந்து அங்கே நிற்கிறேன், பிறகு மாவு வாங்கப் போகிறேன்.

உங்கள் தாளை அச்சுக்குக் கொடுங்கள். 41.3 என்று திருத்துங்கள். அதோடு 38.6-இல் ஒரு வரி சேர்க்க வேண்டும். என்ன வரி என்று உங்களுக்கே தெரியும். அதைப் புறப்படும் இடத்தில் எல்லோர் முன்னாலும் நீங்கள் வாசிக்க வேண்டும். யாருக்காக என்றும் சொல்ல வேண்டும்.

பிறகு நீங்களும் போக வேண்டும். உருட்டிக்கொண்டாவது. வீடு வந்ததும் ஆறு மணிக்கு எனக்குப் போன் செய்யுங்கள். போன வருடம் ஆறு மணிக்குச் செய்தது நான். நான் எடுக்காமல் இருக்கலாம். இருந்தாலும் மணி அடிக்கட்டும்.

வால்புர்கா


லிண்டென்பாக்
30 செப்டம்பர் 2019

வால்புர்கா,

இத்துடன் வழித்தாளும் லோரென்ஸின் அட்டையும் இருக்கின்றன.

தாளின் இரண்டாம் பக்கத்து வரிகளை இந்த முறை அச்சகத்துக் கணக்குப்பிள்ளையை எதிரே உட்காரவைத்துச் சரிபார்த்தேன். 41.3, வலது. 40.9-இல் ஒரு கட்டை நட்டு, அதில் "இது வழி அல்ல" என்று எழுதிய பலகையை அடித்திருக்கிறேன். சங்கத்தின் அனுமதி பிறகு வாங்கினேன்.

நேற்று ரயிலடிச் சதுக்கத்தில் நாற்பத்தொரு பேர் கூடினார்கள். பாப் வழக்கம்போல வானிலையைப் பற்றிப் பேசினார். பிறகு நான் தாளை எடுத்தேன். வாசித்தேன்:

"38.6. ஓபர்வைலர் ரயில் நிறுத்தம். ஏற்றம் இங்கே தொடங்குகிறது. இதற்கு மேல் வராமல் திரும்புகிறவர்கள், முன்னால் போனவர்களுக்குச் சொல்லிவிட்டுத் திரும்பவும். பீர்க்கூடத்தின் எண் கீழே உள்ளது."

ஒரு பெண், "அப்போ ரயில்ல வந்தா அஞ்சாவது முத்திரை கெடைக்குமா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். கிடைக்காது என்றேன். பாப், "என்னப்பா எகோன், இது சைக்கிள் நாளா, நர்சரி ஸ்கூலா?" என்றார். அப்போது சொன்னேன். போன வருடம் சொல்லாமல் திரும்பியவன் நான், என்னைத் தேடித்தான் லோரென்ஸ் ஹூப்ஷ்மன் குவாரிப் பாதையில் இறங்கினார் என்றேன். இவ்வளவுதான் சொன்னேன். நீங்கள் கேட்டது இதுதான் என்று நம்புகிறேன்.

ஒருவர் தன் வண்டியின் மணியைத் தெரியாமல் தட்டிவிட்டார், அது ஒரு முறை அடித்தது. பிறகு பாப், "சரி, டயர்ல காத்து பாத்துக்குங்க. கெளம்பலாம்" என்றார். கிளம்பினோம். கில்லியன் மடம் வரை யாரும் என் பக்கத்தில் ஓட்டவில்லை. அதற்குப் பிறகு ஒருவர் ஓட்டினார்.

ஓபர்வைலருக்கு 2.05-க்கு வந்தேன். 2.12 வந்தது. ஹெர்பர்ட் கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். மூடிக்கொண்டார். ஏற்றம் முழுவதும் உருட்டினேன். ஒரு மணி இருபது நிமிடம் ஆனது. 40.9-இல் நின்றேன். பலகை நேராக இருந்தது. ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். கீழே சரளைக்கு நடுவே புல் முளைத்திருக்கிறது. அதைத்தான் பார்த்தேன்.

மேலே ரோஸ்விதா என்னைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் ஒரு பீர் கொண்டுவந்து வைத்தாள். பாதி குடித்தேன். "மீதி?" என்றாள். "போதும்" என்றேன்.

லோரென்ஸின் அட்டையை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஊருக்குத் திரும்பியதும் ஐந்தாவது முத்திரையைக் கையில் எடுத்தேன். பெட்டியின் சாவி என்னிடம்தான் இருக்கிறது, யாரும் கேட்க மாட்டார்கள். பிறகு அதை மையில் ஒற்றாமல் திரும்ப வைத்துவிட்டேன். அவர் அங்கே வந்து சேரவில்லை. அந்த வட்டம் காலியாக இருப்பதுதான் சரி என்று தோன்றியது. தவறாக இருந்தால் சொல்லுங்கள், ஒற்றித் தருகிறேன்.

வீட்டுக்கு வர ஐந்து நாற்பது ஆனது. காலணியைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து ஆறு மணிக்காகக் காத்திருந்தேன். ஆறுக்குப் போன் செய்தேன். பதினான்கு முறை மணி அடித்தது. நீங்கள் எடுக்கவில்லை. வைத்துவிட்டேன்.

வந்து சேர்ந்துவிட்டேன் என்று சொல்லத்தான்.

எகோன்


வூர்ட்ஸ்பர்க்
4 அக்டோபர் 2019

எகோன்,

பதினாறு முறை அடித்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். உன் கணக்கு மறுபடியும் தவறு.

வட்டம் அப்படியே இருக்கட்டும்.

நவம்பர் முதல் தேதி காலை வண்டியில் வருகிறேன். ரயிலடிக்கு வர வேண்டாம். பதினோரு மணிக்குக் கல்லறைத் தோட்டத்து வாசலில் நில். விளக்கு நான் கொண்டு வருகிறேன். தீப்பெட்டி நீ கொண்டு வா, என்னுடையது எப்போதும் ஈரம்.

வர முடியாவிட்டால் முன்னாலேயே சொல்லிவிடு.

வால்புர்கா